கொத்தனாரின் கைக்கு டிஜிட்டல் பேட்ஜ்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் காலை ஆறரை மணிக்கு வேலைக்குக் காத்து நிற்பவர்களைப் பார்த்தால், யாருக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டியதில்லை. பைக்குள்ளிருந்து கரண்டியும் மட்டப்பலகையும் தலைநீட்டினால் கொத்தனார். கையில் கம்பி வளைக்கும் சாவி இருந்தால் கம்பி வேலைக்காரர். மடித்த சும்மாட்டுத் துணியோடு ஓரமாக நிற்கும் பெண்கள் சித்தாள்கள். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். "சார், இது செல்லுமா செல்லாதா, பார்த்துச் சொல்லுங்க."

திரையில் இருந்தது ஒரு சான்றிதழின் படம். முகாமில் தேர்வு வைத்துக் கொடுத்தது. மகன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது இரண்டு மூன்று பேர் கைமாறி மறுபடி அவருக்கே வந்திருக்கிறது. பெயர் தெரிந்தது, முத்திரை தெரிந்தது. மூலையில் இருக்க வேண்டிய க்யூஆர் கட்டம் பாதி வெட்டுப்பட்டு, மீதி மங்கிப் போயிருந்தது. என் போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அவர் கையில் முப்பது வருட வேலை இருக்கிறது. அதைச் சொல்லும் சான்று எங்கோ ஒரு சர்வரில் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற வழியைத்தான் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கட்டட வேலை செய்பவர்களும், வீடு கட்டுபவர்களும், வெளிநாடு போகக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளும் இதுபற்றிக் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

டிஜிட்டல் பேட்ஜ் என்கிறார்களே, அது என்ன? சட்டையில் குத்திக்கொள்வதா?

போனில் வைத்துக்கொள்வது. பார்க்க ஒரு சின்னப் படம்தான். அந்தப் படத்துக்குள்ளேயோ, பக்கத்தில் இருக்கும் க்யூஆர் கட்டத்துக்குள்ளேயோ விவரங்கள் பொதிந்திருக்கும்: யாருக்குக் கொடுத்தது, யார் கொடுத்தது, எந்த வேலைக்கு, என்ன தேர்வு வைத்து, எந்தத் தேதியில், எதுவரை செல்லும். பயர்பாக்ஸ் உலாவியைத் தந்த மோசில்லா அறக்கட்டளை 2011இல் ‘ஓப்பன் பேட்ஜ்’ என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. எந்த நிறுவனம் கொடுத்தாலும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும், எவரும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ் நினைவிருக்கும். அதிலிருந்த க்யூஆர் கட்டத்துக்குள் மின்கையொப்பம் இருந்தது. கம்ப்யூட்டரில் பெயரையோ தேதியையோ மாற்றி அச்சடிக்கலாம். ஆனால் சரிபார்க்கும் தளத்தில் காட்டினால் உள்ளே இருக்கும் உண்மையான பெயர்தான் வரும். உள்ளே இருப்பதையே மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. தொழில் பேட்ஜும் அதே வகைதான்.

இதை நினைக்கும்போது சிதம்பரம் கோயிலின் வடக்குக் கோபுரம் எனக்கு ஞாபகம் வரும். கிருஷ்ணதேவராயர் காலத்துக் கோபுரம். அதன் வாசலுக்குள் சுவரில் சிற்றுருவங்கள் சில இருக்கின்றன. சாமி சிலைகள் இல்லை. கோபுர வேலையைச் செய்த தலைமைச் சிற்பிகள். விருத்தகிரியைச் சேர்ந்த சேவகப் பெருமாள், அவர் மகன் விசுவமுத்து என்று பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். அவர்கள் கையாண்ட அளவுகோலும் உடன் இருக்கிறது. விருத்தகிரி என்பது நம்முடைய விருத்தாசலம். ஆளின் பெயர், ஊர், தொழில் மூன்றும் கல்லில் இருக்கின்றன. செய்த வேலை தலைக்கு மேலே நிற்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாக யாராலும் அதைத் திருத்த முடியவில்லை. கட்டியவன் பெயர் கட்டடத்தோடு நிற்கும் மரபு நமக்கு இருந்தது. நடுவில் எங்கோ அதைத் தொலைத்துவிட்டோம்.

நம் ஊர்க் கொத்தனாருக்கு இதை யார் கொடுக்கிறார்கள்?

நம் நாட்டு அரசுத் திட்டங்களில் ‘பேட்ஜ்’ என்ற பேச்சு குறைவு. டிஜிட்டல் சான்றிதழ் என்றுதான் சொல்கிறார்கள். வேலை செய்யும் விதம் ஒன்றே. கட்டுமானத் தொழிலுக்கான தேர்வுப் பாடங்களை வகுப்பது இந்தியக் கட்டுமானத் திறன் மேம்பாட்டுக் கவுன்சில். உதவிக் கொத்தனார், கொத்தனார், கம்பி வளைப்பவர், சென்ட்ரிங் தச்சர், பெயின்டர் என்று தனித்தனியாகப் பாடங்கள் உண்டு. பிளம்பர்களுக்குக் கவுன்சிலே தனி. இவர்களுக்கெல்லாம் மேலே தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சில் இருக்கிறது.

2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி, ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது. ‘முன்கற்றலுக்கு அங்கீகாரம்’ என்று பெயர். சாரத்திலும் சாந்துச் சட்டியிலும் கற்றவர்களுக்கு உரியது இதுதான். தேர்ச்சி பெற்றால் க்யூஆர் கட்டத்தோடு சான்றிதழ் வரும். 2023 செப்டம்பரில் வந்த ‘ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப்’ தளத்தில், பதிவு செய்த செல்போன் எண்ணைக் கொண்டு நுழைந்து அதைப் பார்க்கலாம். டிஜிலாக்கரிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசின் வழி வேறொன்றும் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு, செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் உள்ள கட்டுமானக் கழகத்திலும், காஞ்சிபுரம் பக்கம் நீவலூரில் எல் அண்டு டி நடத்தும் பயிற்சி நிலையத்திலும் பயிற்சி தருகிறார்கள். ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டுப் போனால் அடுப்பு எரியாதே என்பதால் நாளுக்கு 800 ரூபாய் கணக்கிட்டுக் கொடுப்பதாக அறிவித்தார்கள். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தால் அடுத்த பயிற்சி எப்போது என்று தெரிந்துகொள்ளலாம்.

என்னிடம் நலவாரிய அட்டை இருக்கிறது, இ-ஷ்ரம் அட்டையும் இருக்கிறது. இன்னும் எதற்கு?

இரண்டும் அவசியம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை உங்கள் வேலைத்திறனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நலவாரியம் 1994 முதல் இருக்கிறது. அந்த அட்டை, நீங்கள் கட்டுமானத் தொழிலாளி, விபத்து உதவிக்கும் பிள்ளைகள் படிப்பு உதவிக்கும் ஓய்வூதியத்துக்கும் உரியவர் என்று சொல்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த இ-ஷ்ரம், அமைப்புசாராத் தொழிலாளர் கணக்கெடுப்பு போன்றது. அதில் ‘கொத்தனார்’ என்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒரு செங்கல் வைத்துக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு அட்டைகளையும் திறன் சான்றையும் குழப்பிக்கொண்டு, இ-ஷ்ரம் அட்டையை லேமினேட் செய்து வெளிநாட்டு ஏஜென்டிடம் சான்றிதழாகக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடமே போனதில்லை. எனக்கு எப்படித் தேர்வு?

இந்தக் கேள்வி கேட்டவருக்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் புவனகிரிப் பக்கத்துக்காரர். ‘தேர்வு’ என்ற சொல்லே அவரைப் பின்வாங்க வைத்தது.

முன்கற்றல் அங்கீகாரத்தில் முக்கியமானது செய்முறை. முதலில் பாதுகாப்பு, அளவு, வேலை ஒழுங்கு பற்றிச் சில மணி நேர வகுப்பு இருக்கும். பிறகு வேலையைச் செய்து காட்ட வேண்டும். கொத்தனார் என்றால் பொதுவாக ஒரு மூலைச்சுவர் எழுப்பச் சொல்வார்கள். செங்கல்லை நனைத்தாரா, ஒரு வரிசையின் குத்து இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே வராமல் மாற்றி வைத்தாரா, தூக்குக்குண்டு விட்டால் சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கிறதா, மூலைமட்டம் வைத்தால் சந்து தெரிகிறதா, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தலைக்கவசம் போட்டாரா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நம் ஆட்கள் மதிப்பெண்ணை விடும் இடம் பெரும்பாலும் அதுதான். சுவர் சரியாக இருக்கும். தலையில் துண்டு மட்டும் இருக்கும். கேள்விகளைத் தமிழில் கேட்கச் சொல்லலாம், வாயால் பதில் சொல்லலாம். தயங்க வேண்டாம்.

புவனகிரிக்காரரிடம், "சுவர் கோணலாப் போயிருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். "கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவினாலே தெரியுமே" என்றார். அதையே தேர்வு வைப்பவரிடம் சொல்லுங்கள் என்றேன். தூக்குக்குண்டை விட்டு அதைக் காட்டியும் கொடுங்கள் என்றேன்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அது நியாயமான கவலை. பதிவுக்கு ஆதார் கேட்பார்கள், விரல் வைக்கச் சொல்வார்கள். சிமென்டிலும் சுண்ணாம்பிலும் முப்பது வருடம் தோய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடையிலேயே பத்து முறை துடைத்துத் துடைத்து வைப்பவர் அவர். ரேகை விழாவிட்டால் அதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பலாம், கருவிழியோ முகமோ வைத்துச் சரிபார்க்கலாம். முகாம் நடத்துபவருக்குத் தெரியாவிட்டால் நீங்கள் கேளுங்கள். தொழில் செய்து தேய்ந்த விரலைக் காரணம் காட்டி, தொழில் தெரியும் என்ற சான்றை மறுப்பது பெரிய அநியாயம்.

பெயரையும் கவனியுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், முகாமில் எழுதிக்கொண்டவர் இனிஷியலையே விட்டிருப்பார். மூன்றும் மூன்று ஆளாகிவிடும். பதிவு செய்யும் அன்றே ஆதாரில் உள்ளபடி பெயரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும்.

கட்டணம் எவ்வளவு?

பிரதமர் திட்டத்தின்கீழ் நடக்கும் முகாமில் தொழிலாளி எதுவும் கட்ட வேண்டியதில்லை. "சான்றிதழ் வாங்கித் தர 2,000 ரூபாய்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

காகிதச் சான்றிதழைவிட இது எந்த வகையில் உசத்தி? காகிதம்தானே காலாகாலமாகச் செல்லுபடியாகிறது?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2024 ஜூனில் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் சான்றிதழ்கள் கட்டாகக் கிடந்தன. எடுத்துப் பார்த்தால் பல பல்கலைக்கழகங்களின் பெயரில் அச்சடித்த போலிகள். கைதுகள் நடந்தன. 1929 முதல் பட்டம் கொடுத்துவரும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில், அதன் வாசலுக்கு வெளியே போலி அச்சு நடந்திருக்கிறது என்றால் காகிதத்தின் நிலைமை என்ன? அந்தப் போலிகளால் அதிகம் பாதிக்கப்பட்டது, இரவு பகலாகப் படித்து உண்மையான பட்டம் வாங்கியவர்கள்தான். அவர்களையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைத்துவிட்டது.

காகிதத்தில் முத்திரையும் கையெழுத்தும் பார்ப்பவருடைய கண்ணைப் பொறுத்தவை. டிஜிட்டல் சான்றில் பார்ப்பவர் நேரே கொடுத்தவரிடமே கேட்டுவிடலாம். அரை நிமிடம் போதும். அச்செடுத்த காகிதம் மழையில் நனைந்தாலும், வீட்டோடு வெள்ளத்தில் போனாலும் சான்று போகாது. 2011 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் ரேஷன் அட்டையிலிருந்து பத்திரம் வரை பறிகொடுத்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை வேண்டுமென்று சொல்வேன்.

போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன், அது போதாதா?

போதாது. சான்றிதழின் போட்டோ என்பது காகித நகலைப் போலத்தான். தொடக்கத்தில் சொன்ன கொத்தனாருக்கு நேர்ந்தது இதுவே. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது க்யூஆர் கட்டத்தின் புள்ளிகள் கலங்கிப்போகும்.

டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. கொடுத்த நிறுவனத்திடமிருந்து நேராக வந்து சேரும் ஆவணங்கள் ஒன்று. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியவை இன்னொன்று. முதல் வகைக்கு அசல் ஆவணத்துக்குச் சமமான மதிப்பு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உண்டு. இரண்டாவதற்கு அது கிடையாது. ‘டிஜிலாக்கர்ல இருக்கு சார்’ என்று சொல்பவர்களில் பலர் காட்டுவது இரண்டாவதைத்தான்.

சரிபார்ப்பவருக்கும் ஒரு சொல். க்யூஆர் கட்டத்தை எவர் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஸ்கேன் செய்ததும் அழகான பக்கம் திறந்து பச்சை டிக் காட்டினால் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மேலே இருக்கும் இணைய முகவரியைப் படியுங்கள். அரசுத் தளமா, சான்று கொடுத்த நிறுவனத்தின் தளமா, அல்லது அதே மாதிரி எழுத்தைப் போட்டுப் புதிதாக ஆரம்பித்ததா என்று பாருங்கள். பக்கத்தில் வரும் பெயரும் எதிரே நிற்பவரின் ஆதார்ப் பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். அண்ணன் சான்றிதழில் தம்பி வேலைக்கு வருவது நடக்காத விஷயமில்லை.

க்யூஆர் சரியாக வந்துவிட்டால், அவர் நல்ல வேலைக்காரர் என்று நம்பலாமா?

இங்கேதான் நான் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரம். கட்டி ஒன்பதாம் வருடம், முன்வாசல் சன்ஷேடிலிருந்து ஒரு கையகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. அந்த நேரம் கீழே யாரும் இல்லை. ஏணி போட்டுப் பார்த்தேன். கம்பி துருவேறி ஊதிப்போய், தன் மேலிருந்த கான்கிரீட்டை வெளியே தள்ளியிருந்தது. கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடைகூட கான்கிரீட் இருக்கவில்லை. கம்பி கட்டும்போது அடியில் கவர் பிளாக் வைக்காமல் பலகை மேலேயே கிடத்தியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவரிடம் சான்றிதழ் இருந்தது. நானே பார்த்திருக்கிறேன்.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அதன்படி, கடலிலிருந்து தள்ளிய சாதாரணமான சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும். உப்புக்காற்று நேரே அடிக்கும் கடலோரத்தில் 45 மில்லிமீட்டர் வேண்டும். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை என்று நம் கரை முழுவதும் இந்த வித்தியாசம்தான் வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. திருச்சியில் பயின்ற கைக்கு 20 பழகியிருக்கும். ‘கம்பி வேலை தெரியும்’ என்று மட்டும் சொல்லும் சான்று இதைச் சொல்லாது.

மின்கையொப்பம் உறுதி சொல்வது ஒன்றே ஒன்றை: இன்ன நிறுவனம், இன்னாருக்கு, இதைக் கொடுத்தது உண்மை. அந்த நிறுவனம் ஒழுங்காகச் சோதித்துக் கொடுத்ததா என்பது வேறு விஷயம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை, பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டப் பதிவுகளைத் துருவிப் பார்த்தது. சுமார் 95.9 இலட்சம் பேரின் பதிவுகளில் 94 சதவீதத்துக்கு மேல் வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ, வெறும் பூஜ்யங்களாகவோ இருந்தது. ஒரே புகைப்படம் வெவ்வேறு இடங்களின் பயிற்சிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்ததையும் அது எடுத்துச் சொன்னது. இப்படிப்பட்ட பதிவிலிருந்தும் குற்றமில்லாத க்யூஆர் கட்டம் பிறக்கும். ஸ்கேன் செய்தால் ‘சரி’ என்றுதான் வரும்.

அதனால் தேர்வு முகாமுக்குப் போகும் தொழிலாளிகளை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிற முகாமில் உட்காராதீர்கள். சுவரைக் கட்டிக் காட்டிவிட்டு வாருங்கள். அந்தச் சுவரின் படத்தைச் சான்றோடு இணைக்க முடியுமா என்று கேளுங்கள். ஓப்பன் பேட்ஜ் முறையில் ‘ஆதாரம்’ என்று இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்த வேலையின் படத்தை அதில் சேர்க்கலாம். நம் திட்டங்களில் அது இன்னும் வேரூன்றவில்லை. வேரூன்ற வேண்டும். ஒரு சதுரத்தை ஸ்கேன் செய்தால், அதற்குப் பின்னால் மூலை பிசகாத ஒரு சுவர் தெரிய வேண்டும்.

வீடு கட்டுபவர்கள் சான்றைப் பார்த்த பிறகு ஒரு கேள்வியையும் கேளுங்கள். கம்பி கட்ட வருபவரிடம், "இந்த இடத்துக்குக் கவர் பிளாக் எத்தனை எம்எம்?" என்று கேளுங்கள். கொத்தனாரிடம், "கட்டின சுவருக்கு எத்தனை நாள் தண்ணி விடணும்?" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

பேட்ஜ் வாங்கினால் கூலி கூடுமா?

நாளைக் காலையே கூடும் என்று சொன்னால் அது பொய். நம் ஊரில் ஒரு வீடு, ஒரு மேஸ்திரி, நான்கு ஆட்கள் என்று நடக்கும் வேலையில் கூலியைத் தீர்மானிப்பது பழக்கமும் பேச்சும்தான். சான்று உள்ளவருக்குக் கூட்டிக் கொடு என்று அந்த மேஸ்திரியைக் கட்டாயப்படுத்த முடியாது.

பெரிய வேலைகளில் நிலைமை வேறு. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில், திறன் பெற்ற தொழிலாளர்களில் குறைந்தது 20 சதவீதம் பேராவது சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒப்பந்ததாரருக்கு அப்போது சான்று உள்ள ஆள் தேவைப்படுகிறார். குறைந்தபட்சக் கூலி விகிதங்களும் திறனற்றவர், பாதித் திறனுள்ளவர், திறனுள்ளவர் என்று பிரித்தே நிர்ணயிக்கப்படுகின்றன. நெய்வேலியிலோ, சிப்காட்டிலோ, நெடுஞ்சாலை வேலையிலோ ஒப்பந்ததாரரிடம் சேரும்போது, எந்த விகிதத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்க இந்தச் சான்று ஒரு பிடி.

சித்தாள்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு, அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். கல்யாணமாகி வந்த வருடம் சாந்துச் சட்டியைத் தூக்கிய பெண், பேரன் எடுத்த பிறகும் சித்தாளாகவே இருக்கிறார். பக்கத்தில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் ஐந்து வருடத்தில் கொத்தனாராகிவிடுகிறான். கலவை விகிதம் அவருக்குத் தெரியாதா? ஒரு மூட்டைக்கு எத்தனை பாண்டு மணல் என்று கண்ணளவிலேயே போடுகிறவர் அவர். பூச்சு வேலையில் ஆள் குறைந்த நாளில் மட்டப்பலகை பிடிப்பதும் அவர்தான். அன்றைக்கும் சித்தாள் கூலிதான். கொத்தனாரைவிட வெகுவாகக் குறைவு.

ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தின்போது பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினார்கள். ‘ராணி மிஸ்திரி’ என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. அங்கே முடிந்தது குறிஞ்சிப்பாடியிலோ காட்டுமன்னார்கோவிலிலோ முடியாமல் போக என்ன காரணம்? உதவிக் கொத்தனார் தேர்வுக்குப் பெண்கள் பெயர் கொடுக்கலாம், தடை எதுவும் இல்லை. முகாம் நடத்துபவர்கள் ஆண்களை மட்டும் கூப்பிட்டுப் பட்டியலை முடித்துவிடுவதுதான் தடை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதைக் கையில் எடுத்தால் நன்றாக இருக்கும்.

சிங்கப்பூர், சவுதி போகிறவர்களுக்கு இது செல்லுமா?

ஒவ்வொரு நாடும் தன் தேர்வைத்தான் நம்புகிறது. சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போக அந்நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேர வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. சவுதி அரேபியாவும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற வேலைகளுக்கு இந்தியாவிலேயே தன் சார்பில் திறன் தேர்வு நடத்தி, இணையத்தில் சரிபார்க்கும்படி சான்று தருகிறது. பிரிட்டனில் கட்டுமானத் தளத்துக்குள் நுழைய வண்ண வண்ண அட்டை முறை 1995 முதல் இருக்கிறது. இப்போது வாயிலில் நிற்பவர் போன் செயலியிலேயே அதைச் சரிபார்த்துவிடுகிறார். அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இந்தியச் சான்று அந்தத் தேர்வுகளுக்கு மாற்றாகாது. ஆனால் அந்தத் தேர்வுக்குப் போகிறவனுக்கு நல்ல ஒத்திகை. ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன், அவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பண்ருட்டியில் முந்திரித் தோப்பை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கட்டியவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இதைச் சேர்த்து எழுதுகிறேன்.

வரைபடம் போடும் என்ஜினீயர்களும் பேட்ஜ் போட்டுக்கொள்கிறார்களே?

வடிவமைப்பு மென்பொருள், திட்ட மேலாண்மை போன்றவற்றில் தேர்வு எழுதியவர்களுக்குக் கிரெட்லி போன்ற தளங்களின் வழியே பேட்ஜ் கிடைக்கிறது. லிங்க்டுஇன் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். உழைத்துப் பெற்றதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட அது தகுதி ஆகாது. அதற்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி பதிவு பெற்ற என்ஜினீயராகவோ, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டாகவோ இருக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைத்துவிடுகிறது. அதனாலேயே வேலை தெரிந்தவரை வைத்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் கூடியிருக்கிறது.

எல்லாவற்றையும் மேஸ்திரியே பார்த்துக்கொள்கிறார். என் சான்று அவர் போனில் இருக்கிறது. அதனால் என்ன?

அதனால் எல்லாமும். முகாமில் பதிவு செய்யும்போது உங்களிடம் போன் இல்லை என்று மேஸ்திரியின் எண்ணையோ முகாம் நடத்துபவரின் எண்ணையோ கொடுத்துவிட்டால், ஓடிபி அவருக்குப் போகும். சான்று உங்கள் பெயரில் இருக்கும். சாவி அவர் கையில் இருக்கும். நாளை அவரிடமிருந்து விலகி வேறு இடத்தில் சேர நினைத்தால் அவர் தயவு வேண்டும். சொந்த எண்ணைக் கொடுங்கள். சொந்த எண் இல்லாத பெண்கள் மகன், மகள் எண்ணைக் கொடுப்பது மேஸ்திரி எண்ணைவிட எவ்வளவோ மேல். எண்ணை மாற்றினால் ஆதாரிலும் மாற்றுங்கள். மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை செல்போன் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் ஓடிபி யாரோ ஒருவர் போனில் மணியடிக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்க் கொத்தனாருக்கு நடந்திருந்ததும் இதுதான். ஆதாரில் இருந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய எண். இருவரும் ஆதார் மையத்துக்குப் போனோம். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள், எதுவும் பதியவில்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். அப்புறமும் பதியவில்லை. கடைசியில் கருவிழி எடுத்தார்கள், உடனே பொருந்தியது. புது எண் பதிவாகச் சில நாள் ஆகும் என்றார்கள். ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டவர், மறுநாள் கம்மியம்பேட்டையில் பூச்சு வேலை இருக்கிறது, விடியற்காலையில் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.